கொழுந்துக் கூடையும் ஒளிப்படக் கருவியும்: மலையகப் பெருந்தோட்டம் பற்றிய கட்புலப் படிமங்களின் சமுதாய அடித்தளம்

மலையக மக்களின் வரலாற்றை எழுத முற்பட்டோர் இதுகாறும் பெரும்பாலும் இருவகைச் சான்றுகளையே துணைக்கொண்டுள்ளனர். அரச அறிக்கைகள், ஆணைக்குழுப் பதிவுகள், தோட்டத்துரைமார் சங்கத்தின் ஆவணங்கள் என்பன ஒருபுறம். தொழிலாளரிடையே வழங்கிய நாட்டார் பாடல்களும் பின்னெழுந்த சிறுகதை, நாவல், கவிதை என்பனவும் மறுபுறம். இலக்கிய மாணவர்களாகிய நாம் இரண்டாவது வகையினையே சிறப்பாகக் கவனித்து வந்துள்ளோம். ஆயினும், அம்மக்களைப் பற்றி உலகம் அறிந்துகொண்ட வழி ஏட்டுவழியும் அன்று, பாட்டுவழியும் அன்று. தேயிலைப் பொட்டலத்தின் மேலட்டை, சுவரொட்டி, அஞ்சலட்டை, தபால் முத்திரை, திரைப்படம் என்பனவே கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைப் பூகோளத்தின் எல்லா மூலைகளுக்கும் கொண்டுசென்றன. அவளது மொழியின் பெயரைக்கூட அறியாதவர் அவளது தோற்றத்தை அறிவர். இப்பெரும் படத்திரளை வரலாற்று ஆவணமாகக் கொண்டு நோக்கும் முயற்சி தமிழில் அருகியே காணப்படுகின்றது.

படத்தை அதன் அழகு கருதி மட்டும் நோக்குவது ஒரு முறை. அது பொய்யா மெய்யா என வினவி அமைவது மற்றொரு முறை. இவ்விரண்டும் போதா என்பது எமது கருத்து. ஒரு படம் யாருடைய பணத்தில் எடுக்கப்பட்டது, யாருடைய அனுமதியுடன் எடுக்கப்பட்டது, எச்சந்தைக்கு அனுப்பப்பட்டது, சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது யாது என்னும் வினாக்களை முதலில் எழுப்புதல் வேண்டும். 1936இல் வெளிவந்த கட்டுரையொன்றில் வால்ற்றர் பென்யமின், இயந்திரத்தால் மறுவுருவாக்கப்படும் கலை அரசியலோடு கொள்ளும் புதிய உறவினை ஆராய்ந்தார். 1972இல் ஜோன் பேர்ஜர், ஐரோப்பிய ஓவிய மரபு உடைமையுணர்வோடு பிணைந்திருந்தவாற்றைப் பொதுமக்களுக்கு எளிதாக எடுத்துக்காட்டினார். அவ்வாய்வுகள் ஐரோப்பிய நகரங்களை மையமாகக் கொண்டவை. பெருந்தோட்டம் என்ற உற்பத்தி அமைப்பில் பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலான உறவு இன்னும் வெளிப்படையானது. தோட்டத்தினுள் அயலார் நுழைவதையே அத்துமீறலாகக் கொண்ட சட்டமும் வழக்கமும் நெடுங்காலம் நிலவின என்பது இங்கு மனங்கொளத்தக்கது. கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காணும்பொருட்டுப் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களினுட் புகுந்தார் எனக் கூறுவர். துணி மூட்டையுடன் ஒளிந்து நுழையவேண்டியிருந்த இடத்தில் முக்காலியுடன் கூடிய ஒளிப்படக் கருவி பகிரங்கமாக நுழைந்ததென்றால், அது துரையின் விருந்தினராகவே நுழைந்தது.

*

ஒளிப்படக் கலை வரலாற்றிற் புகழ்பெற்ற பெயரொன்று டிக்கோயாவுடன் தொடர்புடையதென்பது பலர் அறியாத செய்தி. யூலியா மாகிரற் கமெரன் 1879 சனவரியில் அப்பகுதியிலுள்ள கிளென்கேண் தோட்டத்தில் மறைந்தார். பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் தேவாலயத்து மயானத்தில் அவரது கல்லறை இருக்கின்றது. மறு ஆண்டில் இறந்த கணவரும் அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அக்கணவர் சாள்ஸ் ஹே கமெரன் என்பதுதான் எமக்கு முக்கியமானது.

இலங்கை வரலாற்று மாணவர் யாவரும் கோல்புறூக்-கமெரன் ஆணைக்குழுவை அறிவர். அதன் விளைவுகளாக 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் ஆட்சி, நீதி அமைப்புகள் மாற்றியமைக்கப்பட்டன. நீதித்துறைச் சீர்திருத்தமே கமெரனின் தனிப் பொறுப்பாக இருந்தது. நிலமானிய ஊழியக் கடமையிலிருந்து மனிதரை விடுவித்தல் என்ற தாராளவாத முழக்கத்தின் மறுபக்கம், கூலிக்கு உழைப்பை விற்கும் 'சுதந்திர' மனிதரைச் சந்தைக்குக் கொண்டுவருதல் ஆகும். கண்டிப் பிரதேசத்து விவசாயி, தனக்கென ஒரு துண்டு வயல் எஞ்சியிருந்தமையால், அச்சந்தைக்கு எதிர்பார்த்தவாறு வரவில்லை. நிலமற்றோரும் சாதியொடுக்குமுறைக்கு ஆளானோருமாகிய தென்னிந்தியத் தமிழர் அவ்விடத்தை நிரப்பக் கொண்டுவரப்பட்டனர். சீர்திருத்தக்காரரான கமெரன் தாமே இலங்கையில் நிலம் வாங்கிக் கோப்பித் தோட்டச் சொந்தக்காரரானார். 1875இல் முதுமையுற்ற நிலையில் மனைவியுடன் இங்கு வந்து குடியேறினார்.

இங்கிலாந்தில் யூலியா கமெரனின் கருவிமுன் அமர்ந்தோர் தெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலானோர். அவர்களது படங்கள் அவர்களது பெயர்களாலேயே வழங்குகின்றன. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவானவை. களுத்துறையில் எடுக்கப்பட்டவை அவற்றுட் பல. தோட்டங்களில் வேலைசெய்த தமிழரும் அவற்றில் இடம்பெற்றிருப்பதாக ஆய்வாளர் கருதுகின்றனர். இவற்றின் தலைப்புகள் 'களுத்துறைக் குடியானவர் குழு', 'இளம்பெண், இலங்கை' என்றவாறு அமைகின்றன. ஒரே கலைஞர், ஒரே கருவி, ஒளியைக் கையாளும் ஒரே திறன். ஆயினும் கடல் கடந்ததும் மனிதர் வகைமாதிரிகளாகி விடுகின்றனர். கமெரன் அம்மையாரின் தனிப்பட்ட மனப்பான்மை பற்றி இங்கு நாம் தீர்ப்புக்கூற முற்படவில்லை. அப்படங்களிற் சிலவற்றில் உள்ள முகங்கள் கண்ணியத்தோடு பதிவாகியுள்ளன என்பதை மறுத்தற்கில்லை. பெயரின்மை கலைஞரின் குணத்திலிருந்து பிறந்ததன்று. கோப்பித் தோட்ட உரிமையாளருக்கும் கூலியாளுக்கும் இடையிலான உறவிலிருந்து பிறந்தது.

இப்படங்கள் எடுக்கப்பட்ட அதே காலப்பகுதியில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்பஞ்சத்தில் எலும்புந் தோலுமாய் நின்றோரை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி ஒளிப்படமாக்கினார். பஞ்சத்துக்குத் தப்பிய மக்களுள் ஒரு பகுதியினர் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். ஆகவே புறப்பட்ட இடத்தில் பஞ்சத்தின் உருவமாகவும், வந்து சேர்ந்த இடத்தில் கீழைத்தேய எழிலின் உருவமாகவும் ஒரே சமூகப் பிரிவினர் சில ஆண்டு இடைவெளியில் பதிவுசெய்யப்பட்டனர். இவ்விரு தொகுதிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குதல் பயனுடையது. கலை வரலாற்று நூல்கள் அவற்றை வெவ்வேறு அத்தியாயங்களில் வைக்கின்றன.

*

கோப்பி 1869இல் தோன்றிய இலைநோயினால் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அதனிடத்தைப் பிடித்தது. (மூலதனம் முதலாம் பாகம் வெளிவந்ததும் 1867இலேயே. பண்டத்தின் மர்மத்தை விளக்கும் நூலும், உலகில் மிகுதியாக விளம்பரம் பெற்ற பண்டங்களுள் ஒன்றும் ஓராண்டில் தோன்றியமை தற்செயலே எனினும் நினைவிற் கொள்ளத்தக்கது.) கோப்பியைப் போலன்றித் தேயிலை சந்தையில் ஒரு பலமிக்க போட்டியைச் சந்தித்தது. பிரித்தானியர் அதுவரை அருந்தியது சீனத் தேயிலை. அப்பழக்கத்தை மாற்ற விளம்பரம் தேவைப்பட்டது. விளம்பரத்துக்குப் படம் தேவைப்பட்டது. சீனத் தேயிலை கையால் உருட்டப்படுவது, அழுக்கானது. இலங்கைத் தேயிலை இயந்திரத்தால் ஆவது, வெள்ளையரின் மேற்பார்வையில் தூய்மையாக ஆவது என்ற கருத்து திட்டமிட்டுப் பரப்பப்பட்டது. 1890களில் ஏற்றுமதித் தேயிலை மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து பெற்ற பணம் இத்தகைய பிரசாரத்துக்குச் செலவிடப்பட்டது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் எழுந்தது. 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்ரன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்ற கருத்தைத் தம் வணிக முழக்கமாக்கினார். இடைத்தரகர் இல்லை என்பது அதன் வெளிப்படையான பொருள். துறைமுகம், கப்பல், வங்கி, முகவர் நிறுவனம், மின்சிங் சந்தின் ஏலம் ஆகிய யாவற்றையும் மறைத்துவிட்டு, இலண்டன் இல்லத்தரசியையும் மலையகப் பெண்ணையும் நேர்முகமாக நிறுத்தும் மாயம் அதிற் பொதிந்திருந்தது.

ஸ்கீன், ஸ்கோவன், பிளேற் முதலிய ஒளிப்பட நிறுவனங்கள் இக்காலத்தில் தோட்டக் காட்சிகளை விற்பனை செய்தன. ஹென்றி கேவ் 1900இல் வெளியிட்ட 'கோல்டன் ரிப்ஸ்' என்னும் நூல் ஒளிப்படங்களுடன் தேயிலைத் தொழிலை விரிவாக விளக்கிற்று. இந்நூலும் இதுபோன்ற பிறவும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. கொழுந்து பறித்தல், நிறுத்தல், வாட்டுதல், உருட்டுதல், காயவைத்தல், பெட்டியிலடைத்தல், ஏற்றுமதி என்றவாறு படங்கள் தொடர்கின்றன. ஒளிப்படக் கருவி பின்தொடர்வது இலையையே. கொய்தவள் நிறுவைக் களத்துடன் காட்சியிலிருந்து நீங்குகின்றாள். இலை மட்டும் பயணத்தைத் தொடர்கின்றது. அவள் அதிகாலையில் நின்ற பிரட்டுக்களம், குழந்தையை விட்டுவந்த பிள்ளைக் காம்பரா, மாலையில் திரும்பிச் சென்ற லயக்காம்பரா, கங்காணியின் துண்டுக் கணக்கு என்பன இலையின் பாதையில் இல்லை. ஆகவே அவை படத்தொடரிலும் இல்லை. தொழிலாளியைக் கடனோடு கட்டிக் கைமாற்றிய துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவியது. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் அச்சாணியாக இருந்த அந்தத் தாள்துண்டை விளம்பரப் படம் எதிலும் தேடிக் காணுதல் அரிது.

தோட்டத்து வழக்குச் சொல்லொன்று இவ்விடத்தில் எமக்கு உதவுகின்றது. ஒரு நாட்கூலிக்கு உரிய வேலை செக்றோலிற் பதியப்படுவதைத் தொழிலாளர் 'பேர்' என்பர். நிர்ணயித்த நிறை வராவிடின் 'அரைப்பேர்'. பேர் போடுவதும் வெட்டுவதும் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தன. நல்ல தமிழில் மனிதனின் தனித்தன்மையைக் குறிக்கும் சொல், தோட்டத்தில் விற்கப்பட்ட உழைப்பு நாளின் அலகாகிவிட்டது. படத்தின்கீழ் 'தமிழ்க் கூலிப்பெண்' என அச்சிட்ட அஞ்சலட்டையும், அரைப்பேர் எழுதிய செக்றோலும் ஒரே சமூக உறவின் இரு ஏடுகள் எனலாம்.

இனி, ஏன் பெண்? மலைச்சரிவில் ஆண்கள் கவ்வாத்து வெட்டினர், கான் வெட்டினர், முள்ளுக் குத்தினர், தொழிற்சாலையில் உழைத்தனர். படத்துக்கு உகந்ததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரலே. மென்மையான இலைக்கு மென்மையான விரல் என்ற கற்பனை, மலிவான உழைப்பு என்ற உண்மையை அழகாகப் போர்த்துகின்றது. தோட்டப் பெண்களின் நாட்சம்பளம் ஆண்களின் சம்பளத்துக்குச் சமமாக்கப்பட்டது 1984இல்தான். கலையகப் படங்களில் அப்பெண்கள் மூக்குத்தியும் காதணியும் கைவளையும் நிறைய அணிந்தோராகத் தோன்றுவர். வங்கியும் நிலமும் அற்ற மக்களுக்கு நகையே சேமிப்பு என்பதை அறியாதவர் அதனைச் செழிப்பின் அறிகுறியாகக் கொள்வர். மழையிலும் பனியிலும் அவள் போர்த்திய கம்பளியும் இடுப்பிற் கட்டிய படங்குச் சாக்கும் அத்தகைய படங்களிற் குறைவு. நுவரெலியாவின் கொடுங்குளிரை அறிந்தவர்க்கு இது விசித்திரமாகவே தோன்றும்.

ஆயினும் இப்படங்களை முற்றிலும் பொய் என ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. ஒளிப்படக் கருவி, எடுப்பவர் கருதாதவற்றையும் பதிந்துவிடும் இயல்புடையது. மலர்ந்த முகத்துடன் நிற்கும் பெண்களின் பின்னே கோட்டும் தலைப்பாகையும் அணிந்து கங்காணி நிற்பான். நிறைக்கு அணிவகுத்த வரிசையின் ஓரத்தில் பத்து வயதும் நிரம்பாத பிள்ளைகள் சிறு கூடைகளுடன் காணப்படுவர். எடுத்தவருக்கு அவை வெறும் காட்சிப் பொருள்கள். எமக்கு அவை மேற்பார்வை முறைக்கும் சிறுவர் உழைப்புக்குமான சான்றுகள். அரச அறிக்கையை அதன் எழுத்தரின் நோக்கத்துக்கு மாறாக வாசிக்கப் பழகிய நாம், படத்தையும் அவ்வாறு வாசித்தல் கூடும்.

*

1930களின் முற்பகுதியில் உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்தது. தோட்டங்களிற் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. 1933இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை செய்யப்பட்டது. இச்சூழ்நிலையிலேயே அச்சபையின் பணத்தில் 'சோங் ஒவ் சிலோன்' என்ற ஆவணப்படம் உருவாயிற்று. ஜோன் கிறியர்சன் தயாரிக்க, பசில் றைற் இயக்கிய அப்படம் 1934இல் நிறைவுற்று, மறு ஆண்டு பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. ஆவணப்பட வரலாற்றில் அதற்குள்ள இடம் இன்றும் பெரிது. கிறியர்சன் குழுவினர் முற்போக்கு எண்ணமுடையோர். பிரித்தானியத் தொழிலாளரைத் திரையிற் கண்ணியமாகக் காட்ட முயன்றோர். ஆகவே இப்படத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

படம் நான்கு பகுதிகளைக் கொண்டது. புத்தர், கன்னித்தீவு, வணிகக் குரல்கள், தெய்வத்தின் ஆடை என்பன அவற்றின் தலைப்புகள். கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை, கொழும்பைச் சேர்ந்த கலைஞர் லயனல் வென்ற் பின்னணியில் வாசிக்கின்றார். மூன்றாம் பகுதி உத்தியால் உயர்ந்தது. தேயிலை, தென்னை முதலிய உழைப்புக் காட்சிகளின்மேல் இலண்டன் சந்தையின் விலைக் கூற்றுகளும் வணிகக் கடிதங்களின் வாசகங்களும் கப்பற் செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. காட்சி ஓரிடம், ஒலி வேறிடம். காலனித்துவப் பொருளாதாரத்தின் உள்முரண்பாட்டை இதைவிடச் சுருக்கமாகத் திரையிற் காட்டுதல் அரிது. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்த சபையின் படத்திலேயே சந்தையின் அந்நியத்தன்மை வெளிப்பட்டுவிடுகின்றது. கலைஞனின் வடிவ உணர்வு சிலவேளை அவனை அமர்த்தியவரின் நோக்கத்தைத் தாண்டிச் செல்லும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

ஆனால் படத்தின் முழு அமைப்பை நோக்கும்போது வேறோர் உண்மை புலனாகும். முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் பௌத்த வழிபாட்டையும் சிங்களக் கிராமிய வாழ்வையும் நாட்டின் நிலையான ஆன்மாவாகக் காட்டுகின்றன. வணிகம் இடையிற் புகுந்த ஓசை. தேயிலைத் தொழிலாளர் அந்த இடைப்பகுதியில் மட்டும் வருகின்றனர். அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், என்ன மொழி பேசுவோர், யாரை வணங்குவோர் என்பவற்றை விளக்கப் படம் முற்படுவதில்லை. ஆன்மா உள்ள மக்கள் ஒரு சாரார். உழைப்பு மட்டுமே உள்ள மக்கள் மற்றொரு சாரார். படத்திற் சிறப்பாகக் காட்டப்படும் சிவனொளிபாத மலை யாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஹற்றனிலிருந்து அம்மலைக்குச் செல்லும் பாதை தேயிலைத் தோட்டங்களினூடே செல்வது. அம்மலையைத் தமிழ்த் தொழிலாளர் சிவனொளிபாதம் எனப் போற்றி வழிபடுவதும் தெரிந்ததே. தேயிலைப் பணத்தில் எடுத்த படம், தேயிலைக்கூடாக ஏறும் யாத்திரையில், தேயிலை பறிப்போரின் பக்திக்கு இடமளிக்கவில்லை. முற்போக்குக் கலைஞரும் தம்மையறியாமலே ஏற்றுக்கொண்ட இப்பாகுபாடு, பதினான்கு ஆண்டுகளின் பின் சட்டமாயிற்று.

அதே 1935இல் வெளியிடப்பட்ட இலங்கைத் தபால் முத்திரைத் தொடரில் ஒன்பது சத முத்திரையின் காட்சி கொழுந்து பறித்தல். 1938இல் வெளிவந்த தொடரிலும் அக்காட்சி இருபது சத முத்திரையில் இடம்பெற்றது. அரசின் முத்திரையில் அவள் நாட்டின் அடையாளம். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் அவள் நாட்டுக்கு அந்நியள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர். அவ்வெழுவருள் ஒருவரான தலவாக்கலை உறுப்பினர் சி. வி. வேலுப்பிள்ளை, 'இன் சிலோன்ஸ் ரீ கார்டன்' என்ற ஆங்கிலக் கவிதை நூலை வெளியிட்டார். எழுதிய மொழியும் தெரிந்தெடுத்த தலைப்பும் உல்லாசப் பயணியின் அஞ்சலட்டையை நினைவூட்டுவன. அவ்வஞ்சலட்டையைப் பார்த்த உலக வாசகனிடமே அவர் பேச விரும்பினார் என்பதே அதற்கு நாம் தரும் விளக்கம்.

*

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர். 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கட்புல வரலாறு எழுதுவோர் இவ்வொப்பந்தத்தை ஒரு முக்கிய கட்டமாகக் கொள்ளல் வேண்டும். நூறு ஆண்டுகளாகப் பெயரின்றிப் படமெடுக்கப்பட்ட மக்கள், கடவுச்சீட்டுக்காக முதன்முறையாகப் பெயரோடும் முகத்தோடும் பெருந்தொகையாகப் படமெடுக்கப்பட்டனர். தோட்டத்திலிருந்து இறங்கி, நகரத்து ஸ்ரூடியோவிற் பணங்கொடுத்து, நேர்கொண்ட பார்வையுடன் எடுத்த அப்படங்களில் மலைச்சரிவும் இல்லை, கூடையும் இல்லை. வெறுஞ் சுவரின்முன் ஒரு மனித முகம். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பமொன்று தன்னிடம் வைத்திருந்த ஒரே படம் அதுவாகவே பலவேளை இருந்திருக்கும். தனிமனிதராக அங்கீகரிக்கப்பட்ட கணமே அவர்கள் பிறந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட கணமாகவும் அமைந்தமை இவ்வரலாற்றின் கொடிய முரண். எஞ்சியோரது குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம்வரை நீடித்தது.

1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு இடையில், உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. 1973இல் பிரித்தானியாவின் கிறனடாத் தொலைக்காட்சி, 'வேள்ட் இன் அக்சன்' நிகழ்ச்சியில், பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்களில் நிலவிய வறுமையையும் போசாக்கின்மையையும் காட்டியது. தேநீர் அருந்தும் வீட்டுக்குள்ளேயே லயக்காட்சி புகுந்தமை பெரும் சலனத்தை ஏற்படுத்திற்று. அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் சிரித்த முகத்தின் இடத்தில் பசித்த முகம் வைக்கப்பட்டதேயன்றி, பார்ப்பவர் இலண்டனிலும் பார்க்கப்படுபவர் மலையிலும் இருந்த உறவு மாறவில்லை.

உள்நாட்டுத் தமிழ்த் திரைப்படம் அம்மாற்றத்தைச் செய்ததா? கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 1963இல் வெளிவந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' 1975இல் திரைக்கு வந்தது. தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்தில் பங்குகொண்டார். இவை சென்னைத் திரைப்படச் சூத்திரத்திலிருந்து விடுபடாதவை என்பது உண்மையே. மலையக ரசிகர் எதிர்பார்த்ததும் அச்சூத்திரமே; நாவலப்பிட்டியிற் பிறந்த எம். ஜி. ஆரின் படம் லயக்காம்பராவில் முருகன் நாட்காட்டிக்கு அருகே தொங்கியது. எனினும், கூடைக்காரிக்கு ஒரு பெயரும் குடும்பமும் கோபமும் வசனமும் உண்டு என்ற எளிய செய்தி திரையில் ஏறுவதற்கு அம்மக்கள் மத்தியிலிருந்தே ஒரு தயாரிப்பாளரும் எழுத்தாளரும் தோன்றவேண்டியிருந்தது. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்கள் பல அழிந்தன. ஈழத்துத் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் அச்சாம்பலையும் கணக்கிற் கொள்ளவேண்டியவராயுள்ளனர்.

தொழிலாளர் தாமே உருவாக்கிய காட்சிமரபு இதற்கெல்லாம் முந்தியது. மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடப்படும்போது தோட்டம் முழுவதும் அரங்காகின்றது. ரதியும் மதனும் லயம் லயமாகச் செல்கின்றனர், சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிகின்றான், ரதி புலம்புகின்றாள். இங்கு பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே வர்க்கத்தினர். கூடை தூக்கிய தோள் இங்கு மணக்கோலம் தாங்குகின்றது. இதனை வெறும் பக்தி எனவோ பழமை எனவோ ஒதுக்கிய முற்போக்காளர் சிலர், உழைக்கும் மக்கள் தம்மைத் தாமே காட்சிப்படுத்திய ஒரே அரங்கைப் புறக்கணித்தனர் என்றே கூறவேண்டும். அதனுட் சாதிப் படிநிலை தொழிற்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. எவ்வேடம் எவர்க்கு உரியது என்பது ஆராயத்தக்க விடயம்.

முற்போக்காளர் பக்கத்தில் இன்னுமொரு குறை உண்டு. மலையகம் பற்றிய எமது சஞ்சிகைகள், கவிதைத் தொகுதிகள், மேதினச் சுவரொட்டிகள் ஆகியவற்றின் அட்டைகளைப் புரட்டிப் பார்ப்பின், கூடை சுமந்த பெண்ணின் கோட்டுருவமே திரும்பத் திரும்ப வரக் காணலாம். லிப்ரனின் கலைஞர் புன்னகை வரைந்தார்; எமது ஓவியர் கண்ணீர் வரைந்தனர். உருவம் ஒன்றே. கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆண், தோட்டப் பாடசாலை ஆசிரியை, கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவும் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் உழைக்கும் தோட்டத்து இளைஞர் ஆகியோர் அட்டைக்கு வருவதில்லை. 2018 ஒக்டோபரில் 1,000 ரூபா நாட்சம்பளம் கோரிக் காலிமுகத்திடலில் கறுப்புடை அணிந்து திரண்ட இளைஞர்கள், கையிலிருந்த தொலைபேசியிலேயே தம்மைப் படம்பிடித்துப் பரப்பினர். அப்படங்களிற் கூடை இல்லை. கோரிக்கை எழுதிய அட்டை உண்டு. அச்சம்பளம் 2021இல்தான் சம்பளச் சபையால் நிர்ணயிக்கப்பட்டது. 2023இல், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோரும் தமது நடையைத் தாமே பதிவுசெய்தனர்.

இன்று கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்றில் தேயிலை நூதனசாலை ஒன்று இயங்குகின்றது. உருட்டும் இயந்திரங்களும் ரெயிலரின் நினைவுப் பொருள்களும் அங்கு பேணப்படுகின்றன. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்து லயமொன்றில் தொழிலாளர் நூதனசாலை 2007இல் அமைக்கப்பட்டது. வீட்டுப் பாத்திரம், வேலைக் கருவி, ஆவணம் என்பன அங்குள. முன்னையதிற் பொருளின் வரலாறு. பின்னையதில் பொருளை ஆக்கியோரின் வரலாறு. கமெரனின் படங்களும் ஸ்கோவன், பிளேற் நிறுவனங்களின் தொகுப்பேடுகளும் மேலைநாட்டு அருங்காட்சியகங்களிலும் ஏலவிற்பனையிலும் பாதுகாப்பாக உள்ளன. ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலை, நாவலப்பிட்டி ஆகிய நகரங்களின் பழைய ஸ்ரூடியோக்களில் எடுத்த கடவுச்சீட்டுப் படங்கள், கலியாணப் படங்கள், தேசிய அடையாள அட்டைப் படங்கள் ஆகியவற்றின் எதிர்ப்படிகளைத் தேடிச் சேகரித்தல் எமது பல்கலைக்கழக மாணவர்க்கு உடனடியாகச் செய்யக்கூடிய பணி. ஈரலிப்பும் பூஞ்சணமும் மிக்க மலைநாட்டுக் காலநிலையில் அவை நெடுநாள் நிலைப்பன அல்ல. அவற்றுட் பலவற்றின் பின்புறத்தில் பெயரும் தோட்டமும் திகதியும் எழுதப்பட்டிருக்கும்.